வாட்ஸ்அப் சாட், சிசிடிவி எல்லாம் கோர்ட்ல ஆதாரமா கொடுக்கப் போறீங்களா? இந்தத் தப்புகள பண்ணிடாதீங்க

கேஸுனு வந்ததும் நெறைய பேரு ஸ்க்ரீன்ஷாட்ட பிரிண்ட் எடுத்து வக்கீல் கைல கொடுத்துட்டு, ஆதாரம் ரெடின்னு நெனச்சு மொபைல எக்ஸ்சேஞ்சுல போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. அந்த மெசேஜ் வந்த போன்தான் ஒரிஜினல், மத்ததெல்லாம் காப்பி. போனோட சொந்தக்காரரே கூண்டுல ஏறி, போனையும் காட்டி சாட்சி சொன்னா, இந்தப் பதிவு எந்தக் கருவில இருந்து எப்படி எடுத்ததுன்னு எழுதிக் கொடுக்கற சர்டிபிகேட் தேவையில்லன்னு 2020-ல அர்ஜுன் பண்டித்ராவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. போன வித்துட்டா அந்த வழியே அடைஞ்சு போயிடும்.

பிரிண்ட், சிடி, பென்டிரைவ்னு காப்பியா கொடுத்தா சர்டிபிகேட் கட்டாயம். 2014-ல அன்வர் - பஷீர் கேஸ், கேரளா எலக்‌ஷன் தகராறு, சிடி எல்லாம் தாக்கல் பண்ணியும் கூட சர்டிபிகேட் இல்லங்கற ஒரே காரணத்துக்காக அந்த சிடிய எல்லாம் ஏத்துக்கல. இன்னமும் பழைய சாட்சியச் சட்டத்தோட 65பி பிரிவு ஃபார்மட்டையே காப்பியடிச்சு போடறவங்க இருக்காங்க, ஆனா 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய சாக்ஷிய அதினியம்னு புது சாட்சியச் சட்டம் வந்தாச்சு, இப்போ பிரிவு 63, சர்டிபிகேட்ல ரெண்டு பாகம், ஒண்ணு அந்தக் கருவி யார் பொறுப்புல இருந்துச்சோ அவரு கையெழுத்து போடணும், இன்னொண்ணு எக்ஸ்பர்ட் போடணும், ரெண்டுலயும் ஃபைலோட ஹாஷ் வேல்யூ, அதாவது அந்த ஃபைலுக்கு கைரேகை மாதிரி இருக்கற ஒரு கோட், இருக்கணும்.

ஹாஷ்ல நெறைய பேரு கவனமா இருக்கறதில்ல. தேவையில்லாத இடம்னு வீடியோவுல ஒரு செகண்ட் கட் பண்ணாலும் ஹாஷ் மாறிடும். வாட்ஸ்அப்ல சாதாரண வீடியோவா அனுப்பினா கம்ப்ரஸ் ஆகி அது வேற ஃபைலாவே ஆயிடும், அதனால ஒரிஜினல தொடாம வச்சுட்டு மொதல்லயே ஹாஷ் எடுத்துடுங்க.

சிசிடிவிக்கு லேட் பண்ணவே கூடாது, கேமரா பதிவ சேமிக்கற டிவிஆர் பெட்டில இடம் நெறைஞ்சதும் பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும், போனா போனதுதான். கேமரா வேற யாரோடதாவது இருந்தா, உடனே அவங்ககிட்ட எழுத்து மூலமா பதிவ பத்திரமா வைக்கச் சொல்லி கேளுங்க. கேமரா அவங்களோடதுன்னா சர்டிபிகேட்டும் அவங்கதான் கொடுக்கணும், நீங்க கையெழுத்து போட்டா செல்லாது. கொடுக்க மாட்டேன்னா கோர்ட்ல மனு போட்டு உத்தரவு வாங்கலாம், இதுவும் அதே 2020 தீர்ப்புலயே இருக்கு.

எதிர்த்தரப்பு சர்டிபிகேட் இல்லாம ஒரு சிடிய மார்க் பண்ணும்போது, அதாவது கோர்ட்ல ஆதாரமா நம்பர் போட்டு பதிவு பண்ணும்போது, சும்மா இருந்துட்டு, அப்பீல்ல பாத்துக்கலாம்னு விடறதும் தப்புதான். அப்பீல்ல வந்து மொத தடவையா அத கேக்க முடியாதுன்னு 2017-ல சோனு கேஸ்ல சொல்லிட்டாங்க, அதனால விசாரணையில மார்க் பண்ற அந்த நேரத்துலயே அப்ஜெக்‌ஷன் பதிவு பண்ணச் சொல்லி உங்க வக்கீல்கிட்ட கேளுங்க.