விருந்தாளி வர ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? வீட்டுச் சுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“செங்கல்பட்டு தாண்டிட்டோம், இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துருவோம்” என்று போன் வருகிறது. போனை வைத்த கையோடு துடைப்பத்தை எடுப்பதுதான் முதல் தவறு. பெருக்குவதெல்லாம் பிற்பாடு. முதலில், தானாக ஊற வேண்டியவற்றை ஊறப் போட்டுவிடுங்கள். டாய்லெட் கிளீனரை விளிம்பைச் சுற்றி ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடலாம். அது கறையைப் பிடித்து இளக்கப் பத்து இருபது நிமிடம் ஆகும். ஊற்றிய வேகத்திலேயே தேய்த்துத் தண்ணீர் அடித்தால் காசுதான் சாக்கடைக்குப் போகிறது. அடிப்பிடித்த பால் பாத்திரத்திலும் காய்ந்த குக்கரிலும் சுடுதண்ணீர் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டால், அரை மணி கழித்துத் தேய்க்க வேண்டியது பாதிதான் இருக்கும்.

அடுத்தது, வீடு முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்புவது. ஒரு மணி நேரத்தில் அது ஆகாது. வந்தவர் நடக்கிற வழியைச் சுத்தம் செய்யலாம்: செருப்பு விடும் இடம், ஹால், பாத்ரூம், வாஷ்பேசின், சாப்பிடும் இடம். அந்த வழியில் இல்லாத எதையும் தொடாதீர்கள். பீரோவைத் திறக்கவே திறக்காதீர்கள். “இந்த ஒரு தட்டை மட்டும் அடுக்கிடுறேன்” என்று ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் கட்டில் நிறையப் புடவை பரப்பியிருக்கும். ஹாலில் காலையில் சாப்பிட்ட தட்டு காய்ந்துபோய் அப்படியே கிடக்கும். ஃப்ரிட்ஜுக்கும் இதே விதி. பால் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் திறந்தால் போதும்.

மேலிருந்து கீழே

பெருக்கி முடித்த பிறகு நிமிர்ந்து பார்த்து, “அடடா, ஒட்டடை!” என்று கம்பை எடுப்பவர்கள் ஏராளம். பெருக்கிய தரையிலேயே எல்லாம் உதிரும். ஒட்டடை, அலமாரி, டீவி ஸ்டாண்ட், டீப்பாய், கடைசியில் தரை. இதுதான் வரிசை. பெருக்கும்போது ஃபேன் நிற்கட்டும். ஓடுகிற ஃபேனுக்குக் கீழே பூந்துடைப்பம் போட்டால் மெல்லிய தூசி கிளம்பி சோபாவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபேனைத் துடைப்பதா? நேரம் இருந்தால், பழைய தலையணை உறையை ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டி உருவுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஓடுகிற ஃபேனில் அழுக்கு தெரியாது, நம் ஊர் வெயிலில் வந்தவர்கள் கிளம்பும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாசல் நிலைக்கு மேலே தொங்கும் ஒட்டடையை மட்டும் விடக் கூடாது. அது காற்றில் ஆடி ஆடித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு வைத்த பிறகு பெருக்காத வீடாக இருந்தால், மாலை விருந்தாளிக்குச் சீக்கிரமே துடைப்பத்தை எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீடுகளில் தரையின் அழுக்கு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காலுக்குத் தெரிந்துவிடும். வந்தவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருகிறார். அதனால் வாசனையாக இருக்கட்டும் என்று ஃபினாயிலை அரை பாட்டில் கவிழ்ப்பது வேலைக்கு ஆகாது. அதிகமான ஃபினாயில் காய்ந்ததும் பிசுக்காக நிற்கும். நடந்தால் பாதம் ஒட்டும், விட்ரிஃபைடு டைல்ஸில் கோடு கோடாகத் தெரியும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி, மிஞ்சினால் இரண்டு. சமையலறையைத் துடைத்த தண்ணீரிலேயே ஹாலையும் துடைப்பது இன்னொரு தவறு. அடுப்படியின் எண்ணெய்ப் பசை மாப்போடு ஹாலுக்கு வந்துவிடும். ஹால் முதலில், சமையலறை கடைசியில். வருவதற்கு 20 நிமிடம் முன்பாவது துடைத்து முடித்து ஃபேனைப் போட்டு உலரவிடுங்கள். காலிங்பெல் அடிக்கும்போது தரை ஈரமாக இருந்தால், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

பாத்ரூமில் அவசரம் ஆபத்து

இரண்டு மூன்று மணி நேரம் காரிலோ பஸ்ஸிலோ வந்தவர் முதலில் தேடுவது பாத்ரூமைத்தான். அங்கே நடக்கும் ஒரு தவறை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கறை சீக்கிரம் போக வேண்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிறார்களே, அதைச் சொல்கிறேன். “ரெண்டும் சேர்ந்தா இன்னும் நல்லா போகும்” என்ற எண்ணம்தான் காரணம். சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு கனமானது என்பதால் சீக்கிரம் மேலே எழும்பிப் போய்விடாது. கதவு சாத்திய சின்ன பாத்ரூமில், குனிந்து தேய்ப்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும்.

“நாங்க ஆசிட்டே வாங்குறதில்லை” என்பவர்கள் டாய்லெட் கிளீனர் பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ பிளீச்சும் பிளீச்சிங் பவுடரின் சொந்தக்காரன்தான். ஆகவே முதலில் சொன்னபடி கோப்பையில் கிளீனரை ஊற வைத்திருந்தால், அன்றைக்கு அந்த பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம். தெரியாமல் கலந்துவிட்டுத் தொண்டை கமறினால், சுத்தம் செய்துகொண்டு நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மற்றவர்களையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆசிட் தனியாகவும் எல்லா இடத்துக்கும் ஆகாது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் நுரைத்து அரித்து, அந்த இடம் மங்கிப்போகும். மார்பிளும் மொசைக்கும் அப்படித்தான். குழாயில் பட்டால் பளபளப்பே உரிந்துவிடும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் டைல்ஸிலும் குழாயிலும் படியும் உப்புக்கறை பல மாதச் சேமிப்பு. அதை ஒரு மணி நேரத்தில் சுரண்ட உட்காராதீர்கள். குழாயைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே இன்றைக்குப் போதுமான பளபளப்பு வந்துவிடும்.

விருந்தாளி அங்கே உண்மையில் எதைப் பார்க்கிறார்? மக்கின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கிறதா, சோப்பில் முடி ஒட்டியிருக்கிறதா, கொடியில் உள்ளாடை தொங்குகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா. இவற்றைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். துவைத்த துண்டு ஒன்றையும் மாட்டிவிட்டு வாருங்கள்.

நாற்றத்தின் மேல் வாசனை

நம் வீட்டு வாடை நமக்குத் தெரியாது, மூக்கு பழகிவிடும். அந்தச் சந்தேகத்தில்தான் கடைசி நிமிடத்தில் ரூம் ஸ்ப்ரேயை அடித்துத் தள்ளுகிறோம். மத்தியானம் பொரித்த மீன் வாடையும் மல்லிகை ஸ்ப்ரேயும் சேர்ந்தால் வருவது மூன்றாவதாக ஒரு நாற்றம். குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, சிங்க் ஓட்டையில் சிக்கிய சோற்றுப் பருக்கைகளை எடுத்துப் போட்டு, ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். அதற்கப்புறம் ஒரு ஊதுபத்தி போதும். வீடு முழுக்கப் புகை மண்ட சாம்பிராணி போடுவதற்கு முன், வருபவர்களில் வீசிங் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள்.

டம்ளரை மறந்துவிடாதீர்கள். விருந்தாளிக்கென்று பரணில் வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரை இறக்கி, துணியால் மட்டும் துடைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். வாயருகே கொண்டுபோனதும் ஒரு மக்கிய வாடை அடிக்கும். வந்தவர் நாகரிகமாக ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். என்னைக் கேட்டால் ஹாலைவிட டம்ளர்தான் முக்கியம்.

வேலையைப் பிரிக்காமல் எல்லாரையும் ஒரே நேரத்தில் விரட்டுவதும் தவறுதான். ஆளுக்கு ஓர் இடம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு அடுக்குவது, வீட்டு ஆண்களுக்கு பாத்ரூம். வருவது கணவருடைய அத்தை மகனாக இருந்தாலும் பாத்ரூம் கழுவுவது மனைவிதான் என்ற வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. விருந்தாளி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு எல்லாரும் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம். வந்தவர்களிடம் எடுத்த எடுப்பில், “வீடெல்லாம் ஒரே குப்பையா கிடக்கு, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்று சொல்லாதீர்கள். அதுவரை பார்க்காதவரும் அப்போதுதான் சுற்றிப் பார்ப்பார்.

மிச்சம் மீதியை ஒளித்து வைப்பதில் தப்பில்லை. கண்ட இடத்தில் ஒளிப்பதுதான் தப்பு. வாஷிங் மெஷினுக்குள் திணித்த சட்டைப்பையில் மருந்துச் சீட்டு இருக்கும். ஓவனுக்குள் வைத்த பிளாஸ்டிக் டப்பா மறந்துபோய், மறுநாள் சுவிட்ச் போட்டதும் உருகும். நாற்காலியில் குவிந்த துணி, பேப்பர், சார்ஜர், பொம்மை எல்லாவற்றையும் ஒரே பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி, யாரும் போகாத அறையில் வையுங்கள். சாவி, கண்ணாடி, மாத்திரை, கேஸ் புத்தகம் இவற்றை மட்டும் கட்டுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். அவர்கள் ராத்தங்குவதாக இருந்தால் அந்த அறையும் மிஞ்சாது. மூட்டை பரணுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் கிளம்பிய அன்றைக்கே அதை இறக்கிப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த விருந்தாளி வரும்போது இரண்டு மூட்டையாகிவிடும்.