மாங்கூழ் குடோனை மியூசிக் கடையா மாத்துறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கிருஷ்ணகிரி பக்கம் மூடிக் கெடக்குற மாங்கூழ் குடோன் ஒண்ணை, வாடகை கம்மி இடம் பெருசுன்னு நம்ம தம்பி ஒருத்தன் புடிச்சு கிட்டாரு கீபோர்டு தவில் எல்லாம் விக்கிற கடை போட்டான், நான் மைக் செட் போடுறவன்ங்கறதால அட்வான்ஸ் குடுத்தப்புறம் "வந்து பாருணா"ன்னு கூப்பிட்டான். அதான் முதல் தப்பு. அட்வான்ஸுக்கு முன்னாடியே போய் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாத்துடணும். நான் தட்டினேன், ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி முடிக்கிற வரைக்கும் சுவத்துக்கு சுவரு மோதி டர்ர்ர்னு ஓடிட்டே இருந்துச்சு. இந்த ஹால்ல வாசிச்சா 3,000 ரூவா கிட்டாரும் 30,000 ரூவா கிட்டாரும் ஒரே மாதிரிதான் கேக்கும், அப்புறம் எவன் 30,000 குடுப்பான்?

ரெண்டாவது, கணக்கு போடாம ஃபோம் வாங்குறது. ஹார்வர்டுல சபைன்னு ஒரு வாத்தியார் 1895 வாக்குல லெக்சர் ஹாலுக்குள்ள சீட்டு மெத்தையா தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டுப் பாத்துதான் இந்தக் கணக்குக்கே வந்தாரு. ஹாலோட கன அடியை 0.049ஆல பெருக்கி, சத்தத்தை உறிஞ்சுற பரப்பால வகுத்தா, எத்தனை செகண்டு எதிரொலி நிக்கும்னு வந்துடும். தம்பி ஹாலு 50க்கு 30, உயரம் 16, மொத்தம் 24,000 கன அடி. கடைக்கு 0.8 செகண்டு போதும்னு வச்சா 1,470 சதுர அடி உறிஞ்சணும், வெறும் சுவரும் தரையும் சேந்து குடுக்கறது 200 சொச்சம். இவன் ஆன்லைன்ல வாங்கி ஒட்டினது ஒரு அடிக்கு ஒரு அடி ஃபோம், 48 பீஸு. கடல்ல கரைச்ச பெருங்காயம்தான். அதுவும் ஒரு இஞ்சு ஃபோம் தாளம் மாதிரி கீச்சு சத்தத்தை மட்டும்தான் தின்னும், தவிலோட தொப்பிப் பக்க (கனமா முழங்குற பக்கம்) சத்தம் அப்படியே கும்முனு நிக்கும். மரச்சட்டம் அடிச்சு 2 இஞ்சு ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு) 48 டென்சிட்டி, அதாவது கன மீட்டருக்கு 48 கிலோ, போட்டு சுவத்துலருந்து 2 இஞ்சு தள்ளி மாட்டுங்க (கையுறை மாஸ்க் இல்லாம தொடாதீங்க, ராத்திரி பூரா அரிக்கும்). மேல போத்துற துணியை வாயில வச்சு ஊதிப் பாருங்க, காத்து அந்தப் பக்கம் போகணும். இவன் பழைய ஃப்ளெக்ஸைப் போத்தினான், ராக்வுல் காசு பாதி தண்டம்.

முட்டை அட்டை ஒட்டலாம்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. நாமக்கல் பக்கத்துல இருக்குன்னு லாரி லோடே எறக்கினாலும் சத்தம் கொறையாது, தீப்பொறி பட்டா மட்டும் சூப்பரா எரியும்.

எக்கோ கொறைக்கறது வேற, சத்தம் வெளிய போகாம தடுக்கறது வேற. இதைக் குழப்பிக்காதவன நான் பாத்ததே இல்ல. பஞ்சு எவ்ளோ அடைச்சாலும் பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்க முடியாது, அதுக்கு கனமான சுவரும் இடுக்கு இல்லாத கதவும் வேணும். 3க்கு 7 கதவு, அடியில முக்கால் இஞ்சு சந்து இருந்தா, தேக்குலயே செஞ்சாலும் 20 டெசிபல் கிட்டதான் தடுக்கும். ராத்திரி உள்ள லைட்டைப் போட்டுட்டு வெளிய நின்னு பாருங்க, எங்கெங்க வெளிச்சம் ஒழுகுதோ அங்கல்லாம் ரப்பர் பீடிங்.

ட்ரம்ஸ் ட்ரையல் ரூமை 10க்கு 10க்கு 10ன்னு சதுரமா கட்டாதீங்க. மூணு பக்கமும் ஒரே அளவுன்னா மூணு பக்கத்துலயும் 56, 112 ஹெர்ட்ஸ்னு ஒரே அடித்தொண்டை சத்தங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்து பேஸ் பொங்கும். ஒரு பக்கத்தை 12, இன்னொரு பக்கத்தை 13 ஆக்கிடுங்க.

தரைக்கு கிரானைட் வேணாம். நம்மூர்ல சல்லிசா கெடைக்குதுன்னு கோயில்லருந்து டீக்கடை வரைக்கும் போட்டாச்சு, இங்கயாவது விட்டுடுங்க, இல்ல ஜமுக்காளமாவது விரிங்க.

கடைசியா கூரை. வெறும் ஷீட்டுக்கு அடியில சீலிங் போடாம கடை தொறந்தா ஐப்பசி மழையில பில்லு போடறவன் கத்தித்தான் பேசணும், சித்திரையில சூடு எறங்கி கிட்டார் பிரிட்ஜ் (கம்பி மாட்டுற கட்டை) பசை விட்டு எந்திரிக்கும். தம்பி கடையில ரெண்டு அப்படித்தான் போச்சு, இப்ப ஈரப்பத மீட்டர் ஒண்ணு மாட்டி 45லருந்து 55 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கான்.