அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய அரண்மனை ஒன்றை அருங்காட்சியகமாக்க முடிவானதும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பவர் உள்ளரங்க வடிவமைப்பாளர். காட்சிப் பேழை எங்கே, விளக்கு எங்கே, தொடுதிரை எங்கே என்று வரைபடம் தயாராகிவிடும். கூரை ஒழுகுவதும் உத்தரம் உளுத்திருப்பதும் அதன் பிறகுதான் தெரியவரும். அதற்குள் பணம் பங்கு போட்டு முடிந்து, திறப்பு விழாத் தேதியும் குறித்தாகியிருக்கும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்தத் தலைகீழ் வரிசையில் பிறந்தவை.

ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனைக்குள் போனால் பேழைகளைவிட முதலில் கண்ணில் படுவது சுவர் ஓவியங்கள்தான். பத்மநாபபுரத்தில் மரவேலையும் கண்ணாடிபோல மின்னும் கருந்தரையும். அங்கெல்லாம் கட்டடமே முதல் காட்சிப்பொருள். ஒரு வெண்கலச் சிலையைத் தொடுவதற்கு முன் எடுக்கும் படம், அளவு, குறிப்பு எல்லாம் கட்டடத்துக்கும் வேண்டும். அறை அறையாக அளவு வரைபடம், ஒவ்வொரு விரிசலுக்கும் எண், கழற்றும் ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளத் தகடு. சுவரில் பூச்சைக் கொத்துவதற்கு முன் அறுவை சிகிச்சைக் கத்தியால் இரண்டு மூன்று இடங்களில் வண்ண அடுக்குகளை ஒவ்வொன்றாகப் படிக்கட்டுபோல விலக்கிப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து வெள்ளையடிப்புகளுக்குக் கீழே ஓவியம் ஒளிந்திருப்பது அரிதல்ல. கொத்திய பிறகு தெரிந்து பயனில்லை.

தண்ணீரை விட்டுவிட்டு சுவரைப் பிடிப்பது

சுவரின் கீழ்ப்பகுதி உப்புப் பூத்து உதிர்ந்தால், அதைக் கொத்திப் புதிதாகப் பூசுவதுதான் வழக்கம். அடுத்த மழை முடிவதற்குள் மறுபடி உதிரும். நோய் சுவரில் இல்லை, தெருவில் இருக்கிறது. நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமலே புதுச் சாலை போட்டுப் போட்டு, அரண்மனைத் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. மழைநீர் அடித்தளத்தில் தேங்கி, செங்கல் வழியே மேலேறுகிறது. கூடவே வரும் உப்பு, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகி விரிந்து செங்கல்லைப் பொடியாக்குகிறது.

இதற்கு மருந்தென்று சுவரை ஒட்டிச் சுற்றிலும் சிமென்ட் தளம் போடுவார்கள். மண் வழியே ஆவியாக வேண்டிய ஈரத்துக்கு அந்த வழியும் அடைபட்டு, அது சுவரில் இன்னும் உயரமாக ஏறும். செய்ய வேண்டியது வேறு. சுவரோரத் தரையை உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்த்துங்கள். அது முடியாத இடத்தில் சுவரை ஒட்டிச் சரளை நிரப்பிய வடிகால் அமைத்து, நீர் வெளியேற வழி விடுங்கள். கூரை, தூம்பு, வடிகால் மூன்றும் முடிந்து ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே உள்பூச்சு. உப்பு ஊறிய இடங்களில் காகிதக் கூழை வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்து அப்பி, காய்ந்ததும் எடுத்து, உப்பு குறையும் வரை திரும்பச் செய்ய வேண்டும்.

‘கொஞ்சம் சிமென்ட் போட்டால்தான் நிற்கும்’

பழைய கட்டட வேலையில் அதிகம் கேட்கிற, அதிகம் நாசம் செய்த வாக்கியம் இது. சுண்ணாம்புக் காரை மென்மையானது, மூச்சு விடுவது, கட்டடம் லேசாக அசைந்தால் தானும் அசைந்து கொடுப்பது. சிமென்ட் இறுகிப்போய்ச் செங்கல்லைவிட வலிமையாகிவிடும். அப்போது ஈரமும் உப்பும் காரை இணைப்பு வழியே வெளியேறாமல் செங்கல் வழியே வெளியேறும். பத்து ஆண்டுகளில் சிமென்ட் கோடுகள் அப்படியே நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோய்த் தேன்கூடுபோல ஒரு சுவர் மிஞ்சும். ஏற்கெனவே பூசிய சிமென்ட்டை எடுக்கும்போது இடிக்கும் இயந்திரத்தை அண்டவிடாதீர்கள். சிறு உளியும் பொறுமையும் போதும்.

சுண்ணாம்பு வேலை கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். சுட்ட சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் இரண்டு மூன்று வாரமாவது ஊறவிட வேண்டும். நீறாத துகள் உள்ளே இருந்தால் பூசிய பிறகு நீறி, சுவரில் சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும். மணல் ஆற்று மணலாக, உப்பில்லாததாக இருக்கட்டும். சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் என்பது தொடங்குவதற்கான அளவுதான்; பழைய காரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் காரையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் மணலும் செங்கல் தூளும் தங்கும், பங்கு தெரியும். ஆனால் கிளிஞ்சல் துண்டுகள் கலந்த காரையில் அவையும் கரைந்துவிடும் என்பதால் சுண்ணாம்பு அதிகம் இருந்ததுபோலக் கணக்குத் தப்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது வெறும் சடங்கில்லை. அளவு மிஞ்சினால் காரை இறுகவே தாமதமாகும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் ஒரு சதுர மீட்டரில் சோதனைப் பூச்சு போட்டுப் பாருங்கள். ஒரு பூச்சு 10 முதல் 12 மி.மீ. கனம். வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் நனைக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்த சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால், சிமென்ட்டை வாசலில் நிறுத்திவிட்டு அதன் தம்பியை உள்ளே விட்ட கதைதான். சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

தளம் தாங்குமா?

மெட்ராஸ் டெரஸ் எனும் கட்டைக்குத்துத் தளத்தில் தேக்குக் கட்டைகள் மேல் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, மேலே தட்டோடு. ஒழுகும்போதெல்லாம் யாராவது மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டிருப்பார்கள். 5 செ.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடுகிறது. மூன்று முறை பழுதுபார்த்த கூரை என்ன சுமக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டை உளுப்பது நடுவில் இல்லை, சுவருக்குள் புதைந்த முனையில். அதனால் கீழிருந்து பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது பரிசோதனை ஆகாது. முட்டுக்கொடுத்து, முனையைத் திறந்து, துளையிட்டுப் பார்க்க வேண்டும். உளுத்த முனையை மட்டும் வெட்டி அதே மரத்தில் ஒட்டுப் போடலாம். முழுக் கட்டையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றால், அருங்காட்சியகத் தளத்துக்கு 400 கிலோ கணக்கிடச் சொல்கிறது கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. அது பரவலான சுமைக்கு. 1 மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், 30 செ.மீ. கனமுள்ள கருங்கல் சிற்பம் ஏறத்தாழ 400 கிலோ. அது நிற்கும் இடம் 0.15 சதுர மீட்டர்தான் என்பதால் அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 2,700 கிலோ அழுத்தம்! கற்சிற்பங்கள் கீழ்த்தளத்தில், சுவடியும் துணியும் மேலே. மாடியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறியாளர் எழுதிக் கொடுக்கட்டும். வாசல் காவலர் அதைக் கடைப்பிடிக்கட்டும். கழிப்பறையும் லிப்டும் பழைய கட்டடத்துக்கு வெளியே, தனியாக.

ஏசி போட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை

கடலோரத்தில் 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே நீர் கோக்கும். உள்ளே 22 டிகிரிக்கு ஏசி வைத்தால் கதவிடுக்கில், கண்ணாடியில், மெல்லிய சுவரின் வெளிப்பக்கத்தில் வியர்க்கும். காலை பத்துக்குப் போட்டு மாலை ஐந்தரைக்கு அணைப்பது அதைவிட மோசம். பலகையில் செய்த தஞ்சாவூர் ஓவியத்தின் மரம் தினமும் சுருங்கி விரிய, மேலே உள்ள சுண்ணப் பூச்சும் பொன் தகடும் கழன்று வரும். ஏசி என்றால் 24 மணி நேரம். அந்த மின்கட்டணம் கட்டுப்படியாகாதென்றால் வேண்டாம்.

அரண்மனையின் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் காற்றோட்டத்துக்காகவே வந்தவை. அவற்றை அடைக்காமல் விட்டு, நொய்ந்த பொருள்களை மட்டும் காற்றுப் புகாத பேழைகளில் வையுங்கள். பேழையின் கனமீட்டருக்கு 20 கிலோ, வேண்டிய ஈரப்பதத்துக்குப் பழக்கிய சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) வைப்பது நெடுநாள் வழக்கம். பேழையை எம்.டி.எப். எனும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில் செய்யாதீர்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி ஈயக் காசுகளை வெண்பொடியாக்கிவிடும்.

வெளிச்சம் பற்றி ஒரே சொல்: துணி, காகிதம், சுவடிக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. பழைய வண்ணக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்புப் படலத்தை நேரடியாக ஒட்டினால் சூடேறி விரிசல் விடலாம். உள்பக்கம் தனிச் சட்டத்தில் பொருத்துங்கள்.

மின்கம்பியும் நெருப்பும்

ரியோ டி ஜெனிரோவின் முன்னாள் அரசமாளிகையில் இயங்கிய பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது. தீ ஏசி இயந்திரத்திலிருந்து தொடங்கியதாகக் காவல்துறை விசாரணை சொன்னது. அணைக்க வந்தவர்களுக்குப் பக்கத்துக் குழாய்களில் போதிய தண்ணீர் இல்லை. நம் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலும் 2012 ஜனவரியில் எரிந்தது. மரக்கட்டைக் கூரையுள்ள கட்டடத்தில் ஒவ்வொரு ஏசிக்கும் தனி பிரேக்கர், முறையான எர்த், தளத்துக்கும் கூரைக்கும் இடையே தீ பரவாமல் தடுப்பு ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. வயரைச் சுவர் கொத்திப் புதைக்காமல், கழற்றக்கூடிய குழாயில் விளிம்போரமாக ஓட்டலாம்.

புதுப்பிப்பு நடக்கும் மாதங்களே தீக்கு மிக வாய்ப்பான காலம். வெல்டிங்குக்கு எழுத்துமூலம் அனுமதி, பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே ஓர் ஆள். அந்த ஆளின் கூலியையும் மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் வெல்டர் கிளம்பும்போது அவரும் கிளம்பிவிடுவார்.