540 மீட்டர் குன்றுதானே என்று கிளம்பும் முன்

"540 மீட்டர்தானே, காலையில ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிடலாம்" என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன். இருவருமே ஒரு கணக்கை விட்டுவிட்டோம். உள்நாட்டு மலைகளில் பெரும்பாலும் பாதி உயரத்தை வண்டியே ஏறிக் கொடுத்துவிடும். கடலோரக் குன்றில் அந்தச் சலுகை கிடையாது. கால் மணலில் இருக்கிறது, உச்சி தலைக்கு மேலே இருக்கிறது; வரைபடத்தில் போட்டிருக்கும் உயரம் மொத்தத்தையும் முழங்கால்தான் ஏறியாக வேண்டும். வழியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் வழி 11 கிலோமீட்டர், ஏற்றம் 540 மீட்டர். கணக்குப்படி 3 மணி 6 நிமிடம். அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமானவருக்கு. ஈரப்புல்லும் சரளையும் உள்ள இடத்தில் நான் அதை ஒன்றரையால் பெருக்கிவிடுவேன். பிறகு உட்காருவதற்கும், தம்பி படம் எடுப்பதற்கும் முக்கால் மணி. ஆக ஐந்தரை மணி நேரம்.

இந்த ஐந்தரை மணியை உங்கள் வசதிப்படி நாளில் எங்கே வேண்டுமானாலும் வைக்க முடியாது. கடல் விடாது. எங்கள் வழியில் செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒன்றரை கிலோமீட்டர் கரையோரமாகவே நடக்க வேண்டும். முதல் தடவை அதைத் திரும்பும் வழியில் வைத்தோம். தண்ணீர் எட்டத்தில்தான் இருக்கிறது என்று ஒரு பாறையில் சாய்ந்து அரைமணி உட்கார்ந்தோம். எழுந்தபோது முன்னால் இருந்த மூக்குப்பாறையின் அடி நனைந்திருந்தது. தொடையளவுத் தண்ணீரில், பாசிக் கல்லில் வழுக்கி வழுக்கி, பையைத் தலையில் தூக்கிக்கொண்டு கடந்தோம். அதிர்ஷ்டம்தான், திறமை ஒன்றுமில்லை.

கடல் ஒரே சீராக ஏறுவதில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. பெரும்பாலான கரைகளில் ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கொன்றாக 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். 4 மீட்டர் ஏறும் கரையில் முதல் ஒரு மணியில் முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் ஒவ்வொரு மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வீச்சு இன்னும் பெரிது. கடலிலிருந்து கரையை நோக்கிப் பலத்த காற்று அடித்தால், கடல் ஏறி இறங்கும் நேரங்களைப் போட்ட அட்டவணையில் சொன்னதைவிட நீர் உயரும். அட்டவணை எந்தத் துறைமுகத்துக்குப் போட்டது, கோடைக்காலக் கடிகார மாற்றம் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு மணி நேரப் பிசகு போதும், இடுப்பளவு நனைய.

ஆகவே இரண்டாம் தடவை கடலிலிருந்து தொடங்கினோம். அன்று கடல் வற்றி அடங்கும் நேரம் காலை 10:20. அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கரை திறந்திருக்கும் என்று அந்தப் பகுதி ஆட்கள் சொன்னார்கள். அதாவது 8:20 முதல் 12:20 வரை. ஐந்தரை மணி நடை நான்கு மணிச் சந்துக்குள் அடங்காது. கரையை முதலில் முடித்துவிட்டு, உச்சியிலிருந்து மறுபக்கத்து மேட்டு வழியாக இறங்குவது என்று முடிவு செய்தோம். அதிலும் ஒரு சிக்கல்: பாதியில் யாருக்காவது கால் பிசகினால்? 10:30-க்குள் திரும்பினால் கரை வழி, அதற்குப் பிறகு என்ன ஆனாலும் மேட்டு வழி, 1 மணிக்குள் உச்சி வராவிட்டால் உச்சியே வேண்டாம். இந்த மூன்றையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். உச்சி அரைமணித் தூரத்தில் தெரியும்போது நமக்குப் புத்தி வேலை செய்யாது. தாள் வேலை செய்யும்.

வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் விளிம்பை ஒட்டி நடக்கவே வேண்டாம். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.65 டிகிரி குறையும் என்பதால் எங்கள் உச்சி கரையைவிட மூன்றரை டிகிரி குளிர்ச்சி. ஆனால் வியர்த்த சட்டையில் அந்தக் காற்று படும்போது மூன்றரை என்று யாரும் நம்பமாட்டீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் உட்கார்ந்திருப்பதும் சகஜம். கடலின் ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து அங்கேயே மேகமாகிவிடுகிறது. அது கலையும் என்று காத்திருந்து நான் இழந்த மணி நேரங்கள் ஏராளம்.

வரைபடம் 1:25,000 அளவில் இருந்தால் நல்லது. 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். உயரக்கோடுகள் நெருங்கினால் சரிவு கடுமை, இது எல்லோருக்கும் தெரியும். கோடுகளுக்கு 10 மீட்டர் இடைவெளி என்றால், நடுவே 8 மீட்டர் பாறை ஒன்று எந்தக் கோட்டிலும் படாமல் ஒளிந்துகொள்ளலாம் என்பது மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். ஆட்டுத்தடத்தையும் நம்பாதீர்கள். ஆடு போகும் இடத்துக்கெல்லாம் நாம் போக முடியாது.

பைக்குள் அதிகம் வேண்டாம். காற்று புகாத மேல்சட்டை, மாற்றுக் காலுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில், காகித வரைபடம், திசைகாட்டி. ஓடைநீரை நம்பாமல் தண்ணீரைச் சுமந்துவிடுங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டர். கைப்பேசிக்குக் கோபுரம் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால். மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு.

கடைசியாக, கிளம்பும் முன் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வராவிட்டால் உதவிக்கு அழைக்க வேண்டும். எங்களுக்கு அது அக்கா. ஒருமுறை இறங்கிய களைப்பில் அவளுக்குச் சொல்ல மறந்து, அறையில் தூங்கிப்போனோம். சொன்ன மணிக்கு அவள் மீட்புக்குழுவை அழைத்துவிட்டாள். கதவைத் தட்டியவர்கள் எங்களைத் தேடத்தான் கிளம்பியிருக்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இப்போதெல்லாம் ஷூ கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே போனை எடுத்துவிடுகிறேன். பின்னாலிருந்து தம்பி கத்துவான்: "வந்துட்டோம்க்கா, யாரையும் அனுப்பிடாதே!"