இலங்கையில் பேருந்துப் பயணம்: குமரி மாவட்டத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் ஒரு பையுடன் இலங்கையைப் பேருந்திலேயே சுற்றிவரப் புறப்படும் நம் மாவட்டத்தாரின் தவறுகளில் பெரும்பாலானவை, அந்த நாடு நம் ஊரைப் போலவே இருப்பதால் வருபவை. தென்னையும் ரப்பரும் ஆப்பமும் மீன் குழம்பும் போதாதென்று, அங்கு ஓடும் அரசுப் பேருந்துகளிலும் பல அசோக் லேலண்ட் வண்டிகளாகவே இருப்பதால், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிக் கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவில் இறங்கியதும் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்கும் நினைப்பு வந்துவிடுகிறது.

தொலைவுக் கணக்கில்தான் முதலில் சறுக்குகிறோம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. அதை நம்பி கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்தையும் ஐந்து நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவோர் உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 77 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்வதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எனினும் கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், ரம்பொடைப் பக்கத்து வளைவுகளில் வண்டி மூச்சுவாங்கி ஏறி முடிப்பதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும். நீண்ட பயணம் நாளுக்கு ஒன்றே போதும் என்பது என் கணக்கு.

மழை விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவதுதான் எனக்கு வியப்பு. ஆனி, ஆடி மாதங்களில் தக்கலையில் சாரல் அடிக்கும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய முப்பந்தலில் வெறும் காற்று மட்டும் காற்றாலைகளைச் சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இலங்கையின் நடு மலைத்தொடரும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல மழையை ஒரு பக்கத்திலேயே தடுத்து நிறுத்துகிறது. மே முதல் செப்டம்பர் வரை காலியும் மேற்கு மலைச்சரிவும் நனையும்போது திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் கிழக்குக் கரை நனையும். ஆகவே மே மாதப் பள்ளி விடுமுறைக்குக் கிழக்குக் கரையும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தென்மேற்குக் கரையும் பொருந்தும். இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் மலைச்சாலைகளை நம்ப வேண்டாம்; 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அங்கே பல சாலைகளையும் மலை ரயில் பாதையையும் சிதைத்துவிட்டது.

பெரிய பை இன்னொரு தொல்லை. நான் முதன்முறை சென்றபோது 60 லிட்டர் பையுடன் கண்டியில் ஒரு தனியார் சிறு பேருந்தில் ஏறினேன். கூரைமேல் சுமை வைக்க வசதி இல்லை, பின்னால் இடமில்லை. என் பை ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மீது போய் உட்கார்ந்தது. இறங்கும்போது அதன் அடிப்பக்கம் இட்லித் தட்டுப்போலச் சுட்டது. உள்ளே இருந்த சோப்பு இளகிச் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அதே வண்டியில் 5,000 ரூபாய்த் தாளை நீட்டியபோது, "சில்லறை இல்லீங்களா, அண்ணே?" என்று நடத்துநர் தமிழிலேயே கேட்டார். விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே 100, 500 ரூபாய்த் தாள்களைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அவர் தமிழில் பேசியதை வைத்து எங்கும் தமிழ் செல்லும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மலையகத் தமிழர்களும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசுவோரும் நிறைந்திருப்பதால் அங்கெல்லாம் கவலையில்லை. மாத்தறையில் இறங்கி வழி கேட்டால் சைகைதான். அங்கு உதவுவது வழித்தட எண். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1, காலிக்கு 2, யாழ்ப்பாணத்துக்கு 87, பதுளைக்கு 99. இவற்றைக் குறித்துக்கொண்டால், பெயர்ப்பலகையில் சிங்கள எழுத்து பெரிதாக இருந்தாலும் திகைக்க வேண்டியதில்லை.

ஓட்டுநருக்குப் பின்னுள்ள முன்னிருக்கைகள் காலியாக இருக்கின்றனவே என்று ஓடிப்போய் அமர்வதும் நம் வழக்கம். அவை பிக்குகள் முதலான மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை. அவர்கள் ஏறினால் எழுந்துவிட வேண்டும். நாட்காட்டியில் பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் அது போயா தினம், பொது விடுமுறை. பௌத்தம் இலங்கைக்கு வந்ததை நினைவுகூரும் ஜூன் மாதப் பொசன் போயாவில் அனுராதபுரம் செல்லும் வண்டிகளில் நிற்கவும் இடம் கிடைக்காது.