ஸ்ப்ளைசிங் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜீனிலிருந்து நகலெடுத்த ஆர்என்ஏவில் இன்ட்ரான் என்ற துண்டுகளை வெட்டி நீக்கி, எக்ஸான் என்ற துண்டுகளை ஒட்டி, புரதம் செய்யப் பயன்படும் எம்ஆர்என்ஏ ஆக்குவதே ஸ்ப்ளைசிங்; எந்த எக்ஸான் சேரும், எது விடுபடும் என்பதைச் சில புரதங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர் போன வாரம் ஜெல் படத்தைக் காட்டி, "இந்தப் புரதத்துக்கும் இந்த எக்ஸானுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். இதே வரியை நானும் ஒரு காலத்தில் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆர்என்ஏ சிதைவது, பிரைமர் மாறிப்போவது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு புரதத்தை மட்டும் குறைத்துவிட்டு முடிவு கட்டுவது

பிடிபிபி1 புரதம் பல எக்ஸான்களை எம்ஆர்என்ஏவில் சேரவிடாமல் தடுக்கும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதச் செல்களில் அதை நாக்டவுன் செய்தேன், அதாவது அதன் அளவைக் குறைத்தேன். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதன் பட்டை கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, ஆனால் நான் கவனித்த எக்ஸான் அசையவே இல்லை. சரி, இது பிடிபிபி1-இன் இலக்கு இல்லை என்று எழுதிவிட்டு, ஏழு மாதம் வேறு புரதங்களைத் தேடி அலைந்தேன்.

பிடிபிபி1-க்கு பிடிபிபி2 என்று ஒரு தம்பி உண்டு. ஒட்டும் இடங்களும் செய்யும் வேலையும் பெரும்பாலும் ஒன்றுதான். இந்தச் செல்களில் அண்ணன் இருக்கும்வரை, தம்பியின் எம்ஆர்என்ஏவில் 10-ஆம் எக்ஸானைச் சேரவிடாது. அந்த எக்ஸானின் நீளம் 34 நியூக்ளியோடைடு, மூன்றால் வகுபடாது. அது விடுபட்டால் வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வரிசை) நகர்ந்து, நிறுத்தக் குறியீடு முன்கூட்டியே வந்து, என்எம்டி என்ற செல்லின் தரக்கட்டுப்பாடு அந்த எம்ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும். நான் பிடிபிபி1-ஐக் குறைத்ததும் தடை நீங்கியது. பிடிபிபி2 பெருகி, விட்டுப்போன வேலையை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துக் குறைத்த பிறகுதான் என் எக்ஸான் தெளிவாக மாறியது.

இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான்: பிடிபிபி2-க்கும் ஒரு பிளாட் ஓட்டியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். ஸ்ப்ளைசிங்கைக் கட்டுப்படுத்தும் எஸ்ஆர் புரதங்கள், எச்என்ஆர்என்பி குடும்பம் ஆகியவற்றிலும் ஒன்று தன்னையோ மற்றொன்றையோ இப்படிக் கட்டுப்படுத்துவது சகஜம். அதனால் நாக்டவுன் செய்தால் உறவுகளின் அளவையும் பாருங்கள். எக்ஸான் மாறினாலும் அவசரப்படாதீர்கள். புரதம் அங்கேதான் ஒட்டுகிறது என்று கிளிப் (புரதம் ஆர்என்ஏவில் ஒட்டும் இடத்தைக் கண்டறியும் சோதனை) தரவு காட்டாதவரை, நேரடி விளைவு என்று எழுத வேண்டாம்.

இது சேர்க்கும் புரதம், அது விலக்கும் புரதம் என்று பிரிப்பது

ஒட்டும் இடம்தான் முடிவு செய்கிறது. ஆர்பிஃபாக்ஸ் என்ற புரதம் எக்ஸானுக்கு அடுத்துள்ள இன்ட்ரானில் ஒட்டினால் பொதுவாக எக்ஸான் சேரும். முந்தைய இன்ட்ரானில் ஒட்டினால் விலகும். நோவா என்ற புரதமும் ஏறக்குறைய அப்படியே.

மோட்டிஃப் (புரதம் ஒட்டக்கூடிய குறுகிய எழுத்து வரிசை) இருந்தால் புரதம் ஒட்டியிருக்கும் என்று நம்புவது

நம்பாதீர்கள்.

என்எம்டியை மறப்பது

சிதைந்துபோன வடிவம் ஜெல்லில் தெரியாது. என்எம்டியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்த செல்களின் மாதிரியையும் கூடவே ஓட்டுங்கள்.

ஜீனின் மொத்த எம்ஆர்என்ஏ அளவை மட்டும் பார்ப்பது

எஸ்எம்என்2 ஜீனின் 7-ஆம் எக்ஸானில் சி இருக்க வேண்டிய ஓரிடத்தில் டி இருக்கிறது. அந்த ஒரு எழுத்தால் பெரும்பாலான எம்ஆர்என்ஏக்களில் அந்த எக்ஸான் விடுபட்டு, நிலையில்லாத புரதம் உருவாகிறது. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு (எஸ்எம்ஏ) நோய்க்கான நூசினெர்சென் மருந்து, 7-ஆம் இன்ட்ரானில் எச்என்ஆர்என்பி ஏ1 ஒட்டும் இடத்தை மறைத்து எக்ஸானைத் திரும்பச் சேர்க்கிறது. ஜீனின் மொத்த எம்ஆர்என்ஏ அளவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த மருந்து வேலை செய்வதே கண்ணில் படாது.