குளிர்மாதங்களில் ஆமைக்குட்டிக்கு வீட்டுக்குள் ஒரு பெட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். சிறுத்தை ஆமை குளிர்காலத் தூக்கம் போடும் இனமல்ல. அதனால் அந்த மாதங்களில் குட்டியை உள்ளே வையுங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வளர்க்கவே கூடாது, அது முதல் வேலை.

கண்ணாடித் தொட்டி வேண்டாம். வெளியே தெரிவதால், பாவம், நாள் முழுக்கச் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் மரப்பெட்டி போதும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தால் பலகை ஊறாது.

தரையில்தான் பலரும் தவறுகிறார்கள். உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டமண் பாதி, ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் (தென்னைநார்த் தூள்) பாதி கலந்து 8 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மேல்மண் காய்ந்து அடிமண் ஈரமாக இருப்பதே சரியான பதம். அதற்கு, தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலைகளில் ஊற்றுங்கள். எப்போதும் வறண்டே கிடந்தால் ஓடு மேடுமேடாக வளரும். சேறானால் அடி ஓட்டில் அழுகல் வரும். வெறும் மணல் தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். செய்தித்தாளில் கால் வழுக்கும்.

ஒரு முனையில் சூடேற்றும் விளக்கடியில் 32 முதல் 35 டிகிரி, மறுமுனையில் 25. இரவில் 18க்குக் கீழே விடாதீர்கள். யூவிபி (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை) தரும் குழல்விளக்கு தினம் 12 மணி நேரம் எரியட்டும். ஜன்னல் வெயில் அதற்கு ஈடாகாது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். விளக்கு நன்றாக எரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும், யூவிபி குறைந்திருக்கும்.